விலை போகாத கம்பளி, பரிசு வாங்கும் ஆடு

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியா மலைகளில், ஹெர்ட்விக் என்றொரு செம்மறி இனம் இருக்கிறது. குட்டி கன்னங்கரேலென்று பிறக்கும். ஒரு வயதுக்குள் பழுப்பு ஏறும். முதல் தடவை மயிர் கத்தரித்ததும் உடம்பு சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், அப்புறம் வயது ஏற ஏற வெளுப்புதான். முகமும் கால்களும் மட்டும் உறைபனி படிந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். இந்த மலைகள் அடங்கிய லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் எல்லோருடைய போனிலும் இந்த முகம் ஒன்றாவது இருக்கும். எப்போதும் சிரிப்பது போன்ற வாய் அதற்கு.

அழகு சரி, வரும்படி? ஒரு ஆட்டில் ஒன்றரை, இரண்டு கிலோ கம்பளி கிடைத்தால் உண்டு. அதுவும் முரட்டுக் கம்பளி, சாயம் ஒழுங்காகப் பிடிக்காது, உடம்பில் பட்டால் அரிக்கும். தரைவிரிப்பு நெய்யவும், வீட்டுச் சுவருக்குள் குளிர் ஏறாமல் அடைக்கவும்தான் லாயக்கு. ஒரு காலத்தில் கம்பளி விற்ற காசிலேயே பண்ணைக் குத்தகையைக் கட்டிவிடுவார்களாம். இன்றைக்குக் கத்தரிக்கிற ஆளின் கூலிக்கே அது காணாது. கறிக்கு என்று பார்த்தாலும், தாழ்நிலத்துக் குட்டிகள் நாலைந்து மாதத்தில் சந்தைக்குப் போய்விடும், இது தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மலையில் ஒரு தாய்க்கு ஒரு குட்டி தங்கினால் போதும் என்பதுதான் கணக்கு. லாப நட்டம் மட்டும் பார்க்கிறவர் யாரும் இதை வைத்திருக்க மாட்டார்.

ஆனாலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நான் லங்காஷயரில் குடியிருக்கிறேன், கார் எடுத்தால் மலை கிட்டத்தில்தான். இலையுதிர்காலம் வந்தால் ஏதாவது ஒரு பள்ளத்தாக்கின் ஆட்டுக் கண்காட்சிக்குப் போய், தடுப்போரம் நின்று வேடிக்கை பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கணக்குக்கு ஒத்துவராத இந்த ஆட்டைக் காப்பாற்றி வைத்ததில் அந்தக் கண்காட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இது கொஞ்சம் விநோதமான பேச்சு, ஏனென்றால் இந்த நாட்டில் பரிசும் பந்தயமும் ஆட்டு இனங்களைக் கெடுத்த கதைதான் அதிகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லெஸ்டர்ஷயரில் லஃப்பரோ ஊருக்குப் பக்கத்தில் டிஷ்லி என்ற பண்ணை. அங்கே ராபர்ட் பேக்வெல் என்றொரு விவசாயி, 1725இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் பெரும்பாலான மந்தைகளில் கிடாயும் மறியும் (பெண் ஆடு) ஒன்றாகவே மேயும், எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று யாருக்கும் தெரியாது. இவர் இரண்டையும் பிரித்தார், இன்ன கிடாய்க்கு இன்ன மறி என்று தானே முடிவு செய்தார், வேண்டிய குணம் நிலைக்கும் என்று தோன்றினால் தகப்பனை மகளோடு சேர்க்கவும் தயங்கவில்லை. சில தலைமுறையில் குட்டைக் கால், பீப்பாய் உடம்பு, சீக்கிரமே கொழுப்பு ஏறுகிற சுபாவம் என்று நியூ லெஸ்டர் இனம் உருவாகிவிட்டது. கிடாயை அவர் விற்கவில்லை, ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். 1789இல் மூன்றே கிடாய்களுக்கு 1,200 கினி வாடகை வந்தது என்று பதிவு இருக்கிறது. (கினி என்றால் ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும். காசாக அது ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகியும், இங்கே உயர்ந்த சாதிக் கிடாய்களின் ஏலம் இன்னும் கினியில்தான் நடக்கிறது.) வாடகையில் பணம் மட்டும் இல்லை, ஒரு சூட்சுமமும் இருந்தது: அவருடைய கிடாய் பத்துப் பண்ணைகளில் எப்படிப்பட்ட குட்டிகளைப் போடுகிறது என்று அடுத்தவர் செலவிலேயே பார்த்துவிட்டு, நல்லது எது என்று தெரிந்ததும் அதைத் தன்னிடம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

1795இல் அவர் இறந்தார். 1799இல் லண்டனில் ஸ்மித்ஃபீல்டு கால்நடைக் கண்காட்சி ஆரம்பித்தது. அந்தப் பத்திருபது வருடங்களில் பணக்காரப் பண்ணையார்களுக்கு ஆடு மாடு கொழுக்க வைப்பது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. பரிசு வாங்கின ஆட்டை ஓவியரை வைத்து வரைந்து, அச்சடித்து, ஊர் முழுக்கப் பரப்புவார்கள். மரச்செதுக்கு ஓவியர் தாமஸ் பியூயிக்கை டார்லிங்டன் பக்கம் பார்ம்ப்டன் என்ற ஊருக்கு இப்படித்தான் அழைத்தார்கள். அவர் கண்ணால் பார்த்தபடி வரைந்து கொடுத்தார், அது யாருக்கும் பிடிக்கவில்லை. இன்னின்ன இடத்தில் கொழுப்புக் கட்டி போடு என்றார்களாம். இல்லாத கொழுப்பை எப்படி வரைவேன் என்று மறுத்துவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். வேறு ஓவியர்கள் மறுக்கவில்லை என்பது அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தாலே தெரியும்: நாலு தீக்குச்சி மேல் ஒரு செவ்வகம், அதன் முனையில் சின்னத் தலை.

நியூ லெஸ்டர் கறியில் கொழுப்பு மிதமிஞ்சி இருந்தது, மறிகளுக்குக் குட்டியும் பாலும் குறைவு என்ற குறையும் வந்தது. மற்ற இனங்களைத் திருத்த அதன் இரத்தம் உலகெங்கும் போனது. அதன் நேர் வாரிசான லெஸ்டர் லாங்வுல் இன்று இங்கிலாந்தின் அபூர்வ இனங்கள் பட்டியலில் இருக்கிறது.

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2020 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் லானார்க் சந்தையில் டெக்செல் இனத்தின் ஆண் குட்டி ஒன்று 3,50,000 கினிக்குப் போனது, பவுனில் 3,67,500. டபுள் டயமண்ட் என்று அதற்குப் பெயர், வாங்கியது மூன்று பண்ணைகள் சேர்ந்து. அந்த விலைக்குக் கறி வெட்ட யாரும் வாங்க மாட்டார்கள் என்பது சொல்லாமலே தெரியும். அதன் மகன்களை விற்க வாங்கினார்கள், அந்த மகன்களை வாங்குகிறவர்களும் அவற்றின் மகன்களை விற்கத்தான் வாங்குவார்கள். எந்த இடத்தில் இது உண்மையான ஆட்டு விவசாயமாக மாறுகிறது என்று எனக்குப் பிடிபடுவதில்லை.

இப்போது ஹெர்ட்விக்குக்கு வரலாம். இவை எங்கிருந்து வந்தன என்பதற்கு ஊருக்கு ஒரு கதை. 1588இல் உடைந்த ஸ்பானிஷ் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து டிரிக் கடற்கரையில் நீந்திக் கரையேறியவை என்பது ஒன்று, வைக்கிங்குகள் கொண்டுவந்தவை என்பது இன்னொன்று. கப்பல் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதற்கு மரபணு ஆய்விலிருந்து கொஞ்சம் ஆதரவு கிடைத்திருக்கிறது. ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து ஆடுகளோடு இவற்றுக்கு ஒரு பழைய உறவு தெரிகிறது.

இவை வாழும் இடத்தைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மிக உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) இந்த மலைகளில்தான் இருக்கிறது. போரோடேல் பள்ளத்தாக்கில் சீத்வெயிட் என்ற குடியிருப்பில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. உயரத்து மேய்ச்சல் எல்லாம் பொது நிலம், பண்ணைக்குப் பண்ணை வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையை விட்டு அதிகம் போகாது. ஹெஃப்ட் என்பார்கள் இதை. எங்கே மேய வேண்டும், பனிக்காற்று அடித்தால் எந்தப் பாறை மறைவில் ஒதுங்க வேண்டும் என்பதையெல்லாம் குட்டி தாயோடு திரிந்தே கற்றுக்கொள்கிறது. அந்தக் குட்டி தாயானதும் அதன் குட்டி. இப்படி நூற்றாண்டுக் கணக்கில். ஆகவே மந்தையை விற்றுவிட்டு வேறு மந்தை வாங்கி விடலாம் என்றால் நடக்காது, புது ஆடுகள் மலையில் கண்டபடி சிதறிப்போகும். அதனால்தான் பல குத்தகைப் பண்ணைகளில் மந்தை நிலத்தோடு சேர்ந்தது: குடியானவர் வரும்போது எண்ணி வாங்குவார், போகும்போது அதே அளவு, அதே தரம் விட்டுப்போக வேண்டும்.

இதை யோசித்துப் பார்த்தால், இந்த ஊரில் ஒருவர் தன் மந்தையை மாற்ற வழி ஒன்றே ஒன்றுதான்: கிடாய். மறிகள் எல்லாம் மலையோடு கட்டுண்டவை. வெளியிலிருந்து வரும் புது இரத்தம் முழுக்கக் கிடாய் வழியாகத்தான். எனவே இவர்களுடைய பெருமை, பொறாமை, பேரம், வம்பு எல்லாமே கிடாயைச் சுற்றி. உள்ளூரில் கிடாய்க்கு டப் என்று பெயர். இங்கேயும் வாடகை முறை இருந்தது, ஆனால் பேக்வெல் மாதிரி ஆயிரம் கினிக்கு இல்லை. இலையுதிர்காலத்தில் வாடகைக்குப் போகும் கிடாய் குளிர்காலம் முழுக்க அடுத்தவர் பண்ணையில் இருந்துவிட்டு, மே மாதம் கெசிக் ஊரில் கூடும் சந்தையில் சொந்தக்காரரிடம் திரும்பும். அந்தத் தீனிச் செலவு மிச்சம் என்பதே சொந்தக்காரருக்குப் பாதி லாபம். கெசிக் டப் சந்தை இன்றும் மே மாதம் நடக்கிறது, கிடாய்களை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுக்கிறார்கள்.

எனக்கு இந்த மே மாதக் கூட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் எங்கேயும் கண்காட்சியை ஆடு கொழுத்திருக்கும் காலத்தில் வைப்பார்கள். இங்கே குளிர்காலத்தைக் கடந்து வந்த கிடாயைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறார்கள். வாடகைக்கு எடுத்தவர் ஒழுங்காகத் தீனி போட்டாரா என்பதும் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும்.

இலையுதிர்காலக் கண்காட்சிகளின் வேர் வேறு. வழி தவறி அடுத்தவர் மந்தையில் கலந்த ஆடுகளை ஒப்படைக்க இடையர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். இது யாருடைய ஆடு என்று கண்டுபிடிக்கக் காதில் வெட்டும் அடையாளமும் முதுகில் பூசும் வண்ணக்குறியும் உதவும். மார்ட்டின்டேலைச் சேர்ந்த ஜோசப் வாக்கர் என்பவர் 1817இல் இந்த அடையாளங்களை எல்லாம் தொகுத்து ஒரு கையேடாகவே அச்சிட்டார்: ஒவ்வொரு பண்ணைக்கும் ஆட்டுப் படம், அதில் அந்தப் பண்ணையின் காதுவெட்டு, வண்ணக்குறி. பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆடு ஒப்படைக்க வந்த இடத்தில் சாராயமும் சண்டையும் ஓட்டப்பந்தயமும் சேர்ந்துகொள்ள, என் கிடாய் பெரிதா உன் கிடாய் பெரிதா என்பதும் சேர்ந்துகொண்டது. வாஸ்டேல் ஹெட், எஸ்க்டேல், போரோடேல் என்று பள்ளத்தாக்குக்கு ஒன்றாக இன்றும் நடக்கின்றன. மலையேறி இறங்கும் ஓட்டப்பந்தயம் உண்டு, கம்பர்லாந்து மல்யுத்தம் உண்டு, கொம்புக் கைப்பிடி போட்ட இடையர் கோல்களுக்குத் தனிப் பரிசு உண்டு. சோம்பு எண்ணெய் நனைத்த துணியை மலை முழுக்க இழுத்துப்போய், அந்த வாசனையைப் பிடித்து நாய்கள் ஓடும் பந்தயமும் உண்டு, அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் ஆட்டுப் பக்கமே வருவதில்லை.

கண்காட்சிக்கு வரும் ஹெர்ட்விக் ஆடுகள் சாம்பல் நிறத்தில் இருக்காது, செங்கல் நிறத்தில் இருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் இது வேறு இனம் என்றே நினைப்பார்கள். முன்பு இந்தப் பக்கத்து இரும்புத்தாதுவை இழைத்துக் கொழுப்பில் குழைத்து முதுகில் தேய்ப்பார்களாம், இப்போது கடையில் பொடியாகவே கிடைக்கிறது. எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். முகத்தையும் கால்களையும் மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவி விடுகிறார்கள், சிவப்புக்கு எதிரில் அந்த வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும். என் கண்ணுக்கு அதுவே போதுமான காரணம்.

நடுவர் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அவரும் ஹெர்ட்விக் வளர்க்கிறவர்தான், போன வருடம் இவர்களோடு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவராக இருப்பார், அடுத்த வருடமும் நிற்பார். வாயைத் திறந்து பல் மேலண்ணத்தோடு சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார், முதுகில் கையை வைத்து அழுத்துவார், கால் எலும்பின் பருமனைப் பிடித்துப் பார்ப்பார். கொம்பு முகத்தை நெருக்காமல் சுழன்றிருக்க வேண்டும். (மறிகள் மொட்டைத் தலை, கிடாய்களுக்குப் பெரும்பாலும் கொம்பு உண்டு.) அப்புறம் நிறம். காதும் முகமும் காலும் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பழுப்புப் புள்ளி தெரிந்தால் போச்சு.

பல், எலும்பு, கால் சரி. பல் இல்லாத ஆடு மலையில் தேறாது. வெள்ளைக் கால் எதற்கு? அதனால் யார் வயிறும் நிறையப்போவதில்லை. இது சுத்தமான ரசனை, ஒருவர் சொல்லி இன்னொருவர் ஏற்றுக்கொண்டது. லெஸ்டரின் கொழுப்பு மாதிரி இதுவும் ஒரு பைத்தியமாகப் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம் நடுவர்களின் ஞானம் இல்லை. பரிசு வாங்கின மறி மறுநாளே மற்றவற்றோடு மலைக்குப் போகிறது, ஜனவரியில் பனியைக் கிளறி மேய்கிறது, ஏப்ரலில் யார் உதவியும் இல்லாமல் குட்டி போடுகிறது. கொழுப்பைக் கட்டிக்கொண்டு வெள்ளைக் காலோடு நிற்கிற ஆடு அடுத்த செப்டம்பருக்கு உயிரோடு வந்து சேராது. நடுவர் தேர்ந்தெடுப்பது மலை ஏற்கெனவே கழித்துவிட்ட பிறகு மிச்சம் இருப்பவற்றிலிருந்து, அதனால் அவர் ரசனை எப்படி இருந்தாலும் பெரிய சேதம் இல்லை.

சங்கம், பதிவேடு எல்லாம் பிற்காலத்தில்தான் வந்தன. 1899இல் ஒரு சங்கம் வைக்க முன்னின்றவர்களில் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்ற பாதிரியாரும் ஒருவர் (பெயர் ஒற்றுமை தற்செயல்). 1895இல் நேஷனல் ட்ரஸ்டை (நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கிக் காக்கும் அமைப்பு) தொடங்கிய மூவரில் ஒருவரும் அவரே. இப்போதிருக்கும் ஹெர்ட்விக் வளர்ப்போர் சங்கம் 1916இல் வந்தது, முதல் மந்தைப் பதிவேடு 1920இல்.

ரான்ஸ்லிக்கு 1882இல் விண்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு லண்டன் குடும்பம் பழக்கமாகிறது, கோடை விடுமுறைக்கு வந்தவர்கள். அந்த வீட்டுப் பதினாறு வயதுப் பெண் பீட்ரிக்ஸ் பாட்டர். முயல் கதைகள் எழுதி உலகப் புகழ் பெற்ற அதே அம்மாள்தான். புத்தகம் விற்ற பணத்தில் 1905இல் ஹில் டாப் பண்ணையை வாங்கினார், 1913இல் உள்ளூர் வழக்கறிஞர் ஹீலிஸைக் கல்யாணம் செய்துகொண்டு திருமதி ஹீலிஸ் ஆனார். அதற்கப்புறம் கதை எழுதுவதில் இருந்த ஆர்வம் ஆட்டுக்குத் திரும்பிவிட்டது. 1923இல் வாங்கிய ட்ரௌட்பெக் பார்க் பண்ணை ஏறக்குறைய 1,900 ஏக்கர், ஆனால் ஆடுகளுக்கு ஈரல் புழு நோய். டாம் ஸ்டோரி என்ற இடையரை வேலைக்குச் சேர்த்தார். ஸ்டோரி தேறின ஆடுகளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார், முப்பதுகளில் பரிசுகள் வந்து குவிந்தன. முரட்டுக் கம்பளிப் பாவாடையோடு, தலையில் ஒரு தொப்பியோடு, பரிசு ஆட்டுக்குப் பக்கத்தில் அந்தம்மாள் நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. லண்டனிலிருந்து வந்த பணக்காரி ஒருத்தி இடையர்கள் கூட்டத்தில் மரியாதை சம்பாதிக்க வேறு வழி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். புத்தகம் எத்தனை லட்சம் விற்றது என்று அங்கே யாருக்கு அக்கறை? கிடாயின் கால் எப்படி இருக்கிறது, அதுதான் கேள்வி. 1943இல் சங்கத்தின் அடுத்த தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள், முதல் பெண் தலைவராக இருந்திருப்பார். அந்த டிசம்பரிலேயே இறந்துபோனார். நாலாயிரம் ஏக்கருக்கு மேல் நிலமும் பதினைந்து பண்ணைகளும் நேஷனல் ட்ரஸ்டுக்குப் போயின. மலைப் பண்ணைகளில் சுத்த ஹெர்ட்விக் மந்தையே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்.

2001 வந்தபோது இதெல்லாம் ஒரே வருடத்தில் போய்விடும் போலிருந்தது. கோமாரி நோய். பிப்ரவரியில் எசெக்ஸில் கண்டுபிடித்தார்கள், சீக்கிரமே கம்ப்ரியா நாட்டிலேயே மோசமான இடமாகிவிட்டது: மொத்தம் 2,026 பண்ணைகளில் நோய் உறுதியானது, அதில் 893 கம்ப்ரியாவில். நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். ஹெர்ட்விக் இனத்தில் பெரும்பகுதி கோனிஸ்டன் ஊரைச் சுற்றிப் பதினைந்து மைலுக்குள்தான் இருக்கிறது, மலைக்கு மேல் நோய் பரவியிருந்தால் இனமே போயிருக்கும். செத்ததில் நிறைய, குளிர்காலத்துக்காகத் தாழ்நிலப் பண்ணைகளுக்கு அனுப்பி வைத்திருந்த இளம் ஆடுகள். அடுத்த தலைமுறைத் தாய்கள் அவைதான். விந்தும் கருவும் உறையவைத்துச் சேமிக்கும் வேலையை அறிவியலாளர்கள் அவசர அவசரமாகச் செய்தார்கள். ஆனால் பழைய மலை ஆடு ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருந்தால், உறையவைத்ததிலிருந்து பிறக்கும் குட்டிக்கு எல்லையைக் காட்டிக்கொடுப்பது யார்?

தப்பித்தது. 2013இல் இதன் கறிக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. 2017இல் யுனெஸ்கோ லேக் டிஸ்ட்ரிக்ட்டை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது இந்த மலை ஆட்டுப் பண்ணை முறையையும் ஒரு காரணமாகச் சொன்னது. அதே வேளையில் எதிர்ப்பும் ஏறியிருக்கிறது: ஆடுகள் மரக்கன்றைத் தலையெடுக்க விடாமல் மேய்ந்து மலையை மொட்டையடித்துவிட்டன, மானியம் கொடுத்து இதை ஏன் வாழவைக்க வேண்டும் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்கிறார்கள். மலை மொட்டையாக இருப்பது உண்மைதான், அதை மறுக்க முடியாது. சில இடங்களில் ஆட்டு எண்ணிக்கையைக் குறைக்க அரசு பணம் கொடுக்கிறது. குறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு மந்தையை ஒரேயடியாக இறக்கிவிட்டால் பக்கத்து மந்தைகள் அந்தக் காலி இடத்துக்குள் சரியும், அப்புறம் வேலி போடாமல் தீராது. ஆட்டைத் திரும்ப ஏற்றலாம் என்று பின்னால் முடிவெடுத்தாலும் எல்லை தெரிந்த தாய் இருக்காது. எவ்வளவு குறைப்பது என்பதை அந்தந்தப் பள்ளத்தாக்கில் ஆடு வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசினால்தான் சரிவரும், லண்டனில் ஒரே விகிதம் போட்டு அனுப்பினால் வராது.

போய்ப் பார்க்க ஆசை வந்தவர்களுக்கு: கெசிக் மே மாதம், எஸ்க்டேல் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை, வாஸ்டேல் ஹெட் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை. வாஸ்டேலுக்குப் போகும் சாலை ஒற்றையடிப்பாதை மாதிரி இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வெள்ளை உடை வேண்டாம், அந்தச் சிவப்பு துவைத்தால் போகாது. நடுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆடு பிடித்திருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், முடிந்ததும் போய், இந்தக் கிடாய்க்குத் தகப்பன் யார் என்று மட்டும் கேளுங்கள். டீ குடிக்கக் காசு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நெடுநேரம் போகும்.